எட்டு சீட் வேனும் இருபது வருஷ ஜீப்பும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு மணி நேர இடைவெளியில் மெர்சிக்கு இரண்டு போன்கள் வந்தன. முதலில் மகள் ஆஷா. அடுத்து ஆஷாவின் கணவன் சஞ்சய். ஒருவர் பேசியது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் இருவரும் கேட்டது ஒரே உதவியைத்தான்.

ஆஷாவுக்கு இது ஏழாவது மாதம். வயிற்றில் இருப்பது இரட்டைக் குழந்தைகள். ஈஜிபுராவில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அந்த இடத்தில் சஞ்சயின் கறுப்பு ஆஃப்-ரோடு வண்டி நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக அவன் வாங்கியது. பெரிய டயர், உயரமான படி, கூரைமேல் வரிசையாக விளக்குகள். அதைக் கொடுத்துவிட்டு எல்லாரும் உட்காருகிற மாதிரி ஒரு வேன் வாங்க வேண்டும் என்பது ஆஷாவின் கட்சி. இரண்டு பக்கத்துப் பெற்றோர் நாலு பேர், இவர்கள் இரண்டு பேர், வரப்போகிற இரண்டு பேர். கணக்காக எட்டு சீட் வேண்டும் என்று அவள் விரல் விட்டுச் சொன்னாள்.

இருக்கிற வண்டியே போதும் என்பது சஞ்சயின் கட்சி. கோவில்பட்டியிலிருந்து அவன் அப்பா அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வரப்போகிறார்கள். அதற்காக ஒரு வேனை வருஷம் முழுக்க வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நீ சொன்னா அவரு கேப்பாரு, மம்மி" என்றாள் ஆஷா.

"நீங்க சொன்னா அவ கேப்பா, அத்தை" என்றான் சஞ்சய்.

மெர்சி இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள். நாளைக்கு ஒக்கலிபுரத்தில் ஒரு வேன் விற்பனைக்கு வருகிறது. போய்ப் பார்ப்போம். இரண்டு வண்டியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அவள் சொல்லுக்கு அப்படி என்ன மதிப்பு என்று கேட்கலாம். ஹெண்ணூர் ரோட்டில் பழைய வண்டிகள் விற்கும் ஒரு யார்டில் மெர்சிக்கு வேலை. வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து அது என்ன பெறும் என்று சொல்வது அவள் பொறுப்பு. கதவு சாத்தும் சத்தத்திலேயே பாதி வண்டியைச் சொல்லிவிடுவாள் என்று யார்டில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, டிரைவர் சீட்டின் ஓரம் எப்படிக் கிழிந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவள் சொல்வது. ஜீவனஹள்ளியில் அவளைக் கேட்காமல் யாரும் வண்டி வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வெளியே வந்தால் நாலு பேராவது போனில் படத்தை நீட்டுவார்கள்.

அவளுடைய அபிப்பிராயங்கள் புத்தகத்தில் படித்தவை அல்ல. கோலார் தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப்.பில் இருந்த காலத்தில் அவளும் அண்ணன் பீட்டரும் சேர்ந்து ஒரு பிக்கப் வைத்திருந்தார்கள். காய்கறி லோடு அடிக்கத்தான் வாங்கினார்கள். இரண்டு வருஷத்தில் பதினொரு வீட்டுச் சாமான், நாலு கல்யாண பீரோ, ஒரு சவப்பெட்டி ஏற்றினார்கள். எதற்கும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பிக்கப் வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பாள். லோடு இல்லாதபோது பின்பக்கம் குதிக்கும். லோடு இருக்கும்போது மழை வரும்.

ஆஃப்-ரோடு வண்டி பற்றி அவள் பேசினால் குரலே மாறிவிடும். ஸ்டீயரிங் கனமாக இருக்கும், காற்று இரையும், பின் சீட்டில் முதுகு போகும், வருஷத்துக்கு நாலு நாள்தான் மேடேறுகிற அந்தச் சின்ன கியரைப் போடுவோம் என்று எல்லாக் குறையையும் அவளே சொல்லிவிடுவாள். ஆனால் அந்த நாலு நாள் இருக்கிறதே என்று நிறுத்துவாள். வீட்டு முன்னால் அவளுடைய பச்சை ஜீப் இருபது வருஷமாக நிற்கிறது.

வேன் மட்டும் அவள் வைத்திருந்ததில்லை. வேனை யாரும் போனில் வால்பேப்பராக வைத்துப் பார்த்ததில்லை என்று கேலி செய்வதோடு சரி.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சஞ்சயும் ஆஷாவும் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்தார்கள். ஆஷா இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏறுவது பெரிய வேலை. அவளுக்காகச் சஞ்சய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை வண்டியிலேயே வைத்திருந்தான். அவள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடி வந்து போடுவான், கையைப் பிடித்துக்கொள்வான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டூலின் ஒரு கால் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததை மெர்சி கவனித்தாள்.

அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கண்டோன்மென்ட் வழியாகப் போகும்போது சஞ்சய் கண்ணாடியில் பார்த்து, "அத்தை, அந்தப் பாறை மேட்டர் சொல்லுங்களேன்" என்றான்.

எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் அவளால் சும்மா இருக்க முடியாது. ஆஷாவுக்கு அப்போது ஒன்பது வயது. கோலார் பக்கத்துக் குன்று ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிளப்பின் ஓட்டம். பாதி ஏற்றத்தில் வண்டி சரியத் தொடங்கியது. குழந்தையை இறக்கி ஒரு பாறைமேல் நிற்க வைத்துவிட்டு, மெர்சி ஜீப்பைப் பின்னோக்கி இறக்கி, குன்றைச் சுற்றி ஓட்டி மறுபக்கமாக ஏறி வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் பாறைமேல் அதே இடத்தில் ஒரு துளி கண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது குழந்தை. அவளுக்குப் பின்னாலேயே மற்ற ஜீப்புகளில் ஏறி வந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு கிளப்பில் ஆஷாவுக்குப் பேரே 'பாறை'தான்.

"பாத்தியா, ஒன்பது வயசுலயே அப்படி இருந்திருக்கே" என்றான் சஞ்சய், மனைவியைப் பார்த்து.

ஆஷா சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒக்கலிபுரத்தில் வேன்காரர் மதலைமுத்து வாசலிலேயே காத்திருந்தார். அறுபத்தெட்டு வயது. பல வருஷம் குடும்பம் குடும்பமாக வேளாங்கண்ணிக்கு ஏற்றிக்கொண்டு போனவர். இப்போது இரண்டு கண்ணிலும் பார்வை குறைந்துவிட்டது. இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெர்சி பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கே.ஜி.எஃப்.பா? எந்த லைன்?"

மெர்சி சொன்னாள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் தன்னுடைய லைனை அவர் சொன்னார். அங்கிருந்து இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு டீக்கடை, ஒரு பேண்டு மாஸ்டர், மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகை என்று பேச்சு பத்து நிமிஷம் போனது. சஞ்சய் கைகட்டி நின்றான். பிறகு மெர்சி சட்டென்று பேச்சை நிறுத்தி வேலையில் இறங்கினாள்.

சாம்பல் நிற வேன். ஒன்பது வருஷம் ஓடியது. இடது பக்கம் ஒரு நசுங்கல், அதை மதலைமுத்துவே காட்டிவிட்டார். ஏ.சி. காற்று கடைசி சீட்டுக்குப் போய்ச் சேர நேரமெடுத்தது. டயர் நாலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. அது அவளுக்குப் பிடித்தது. அவசரப்படாமல் ஓட்டிய மனிதர். பக்கவாட்டுக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் போய் நின்றது.

"ஏறு கண்ணு" என்றாள் மகளிடம்.

ஆஷா ஸ்டூலைத் தேடித் திரும்பினாள். தேவைப்படவில்லை. வீட்டு வாசற்படி ஏறுவதுபோல ஏறி, நடு வரிசையில் உட்கார்ந்து, காலை நீட்டினாள். கால் எதிலும் இடிக்கவில்லை.

சஞ்சயின் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, வேனை மெர்சி எடுத்தாள். பக்கத்து சீட்டில் சஞ்சய்.

ஓட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி திரும்பியது. மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் வேகம் எடுத்தது. வளைவில் லேசாகச் சாய்ந்து, பிறகு தானே நிமிர்ந்தது. இதை ஓட்டிக்கொண்டு ஒருத்தி எப்படி இருபது வருஷம் இருப்பாள் என்று மெர்சி நினைத்துக்கொண்டாள். சஞ்சயும் அதையே நினைத்தான் போலும். அவனுடைய முகம் தெளிந்திருந்தது. அத்தை நம் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டவன்போல ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான்.

மல்லேஸ்வரம் தாண்டும்போதுதான் பின்னாலிருந்து பேச்சே வரவில்லை என்று மெர்சிக்கு உறைத்தது. கண்ணாடியில் பார்த்தாள்.

ஆஷா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்த தூக்கம். ஐந்தாம் மாதத்திலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று தினமும் போனில் சொல்கிற பெண்.

மெர்சி வேகத்தைக் குறைத்தாள். சிக்னலில் பிரேக்கை அழுத்தாமல் தூரத்திலிருந்தே மெதுவாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினாள். சாங்கி ஏரிப் பக்கம் மரநிழலாகப் பார்த்து ஓரங்கட்டி, இளநீர் வாங்கி வரும்படி சஞ்சயிடம் சைகை காட்டினாள். அவன் சத்தமில்லாமல் இறங்கிப் போனான்.

வண்டி நின்றதில் ஆஷா விழித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கேட்டாள். இருபது நிமிஷம் இருக்கும் என்றாள் மெர்சி.

ஆஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உன் ஜீப்புல நான் ஒரு தடவகூட தூங்கினதில்ல. தெரியுமா உனக்கு?"

"அது போடற சத்தத்துல யாரு தூங்குவா?"

"சத்தம் இல்ல மம்மி." கொஞ்சம் தயங்கினாள். "தூங்கிட்டா எங்கனா எறக்கி விட்டுட்டுப் போயிடுவியோன்னு இருந்துச்சு."

மெர்சி சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

ஆஷா சண்டைக்குச் சொல்லவில்லை. தூக்கம் கலையாத குரலில், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பாறைமேல் அவள் நின்றது நாற்பது நிமிஷம். கையில் புது வாட்ச் கட்டியிருந்ததால் நேரம் தெரியும். முதலில் ஜீப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது தூரமாகிப் போய், நின்றே போய்விட்டது. ஆடு மேய்க்கிற ஒருவர் வந்து யார் வீட்டுக் குழந்தை என்று கன்னடத்தில் கேட்டார். பயத்தில் இவளுக்குப் பதில் வரவில்லை. உடுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மெர்சி வந்து சேர்வதற்குள் வெயிலில் அது காய்ந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அதனால் சிரித்தாள்.

"ஏன் சொல்லல கண்ணு?"

"நீ எல்லார்கிட்டயும் தைரியமான பொண்ணுன்னு சொல்லிட்டே. அப்பறம் எப்படிச் சொல்றது?"

பதினெட்டு வருஷம். அந்தக் கதையை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். கிளப்பில், யார்டில், ஆஷாவின் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் ஆஷா பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள். இன்று காலைகூட.

மெர்சி இறங்கி, பக்கவாட்டுக் கதவைத் தள்ளி, மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சது தப்பு" என்றாள். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. வண்டி சரிந்தது, வேறு வழியில்லை, உன் பாதுகாப்புக்காகத்தான் இறக்கிவிட்டேன் என்பதெல்லாம் உண்மைதான். அதில் எதையும் இப்போது சொல்லத் தோன்றவில்லை.

ஆஷா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. மெர்சி மெல்லப் பிடித்துவிடத் தொடங்கினாள். மூன்று இளநீரையும் அணைத்துப் பிடித்தபடி வந்த சஞ்சய், திறந்த கதவுக்கு வெளியே இருவரையும் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றான்.

ஒக்கலிபுரத்துக்குத் திரும்பியதும், மதலைமுத்து வீட்டு முன்னாலேயே மெர்சி தன் முடிவைச் சொன்னாள். வேன்தான்.

சஞ்சய் எதிர்பார்க்கவில்லை. "அத்தை, நீங்களே ஜீப்புல பிள்ளைய வளத்தவங்கதான?"

"வளத்தேன். அவளுக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு தடவகூடக் கேக்கல, மாப்பிள்ளை."

பிறகு நிதானமாக விளக்கினாள். உங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் அதில் முழு சந்தோஷம் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான். வேனில் ஓட்டுகிறவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆஷா அந்தப் படியில் ஏற முடியாது. நீங்கள் ஸ்டூல் போட எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்கள் வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

சஞ்சய் தன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கண்ணாடியில் இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தான். அவன் முதுகைப் பார்க்க மெர்சிக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுக்கும் அந்த வியாதி உண்டு. வண்டியைக் கொடுத்துவிடு என்று சொல்வது எவ்வளவு சுலபம், கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஈஜிபுரா வீட்டுக்காரர் ஏற்கெனவே "ஒந்தே காடி" என்று விரலைக் காட்டிவிட்டார். ஒரு வண்டிக்கு மேல் அங்கே நிறுத்த வழியில்லை.

"உங்க வண்டிய குடுக்க வேணாம்" என்றாள். "எங்க வீட்டு முன்னாடி வெச்சிக்குங்க. ஞாயித்துக்கிழமைல வந்து எடுத்துட்டுப் போங்க."

"அங்க ஜீப் நிக்குதே, அத்தை."

"ஜீப் போவட்டும்."

ஆஷாவும் சஞ்சயும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மெர்சி அதற்குள் மதலைமுத்துவிடம் பேசப் போய்விட்டாள். திங்கட்கிழமை வரை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

தெரு முனையில் இறங்கிக்கொண்டதும், மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மெர்சி தெருவில் நின்றபடியே சில்வெஸ்டருக்குப் போன் செய்தாள். சில்வெஸ்டர் யார்டில் அவளோடு வேலை செய்பவன். மூன்று வருஷமாக அந்த ஜீப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். விற்கும் எண்ணம் வந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் அக்கா என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வந்து சொல்வான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. நாளைக்குச் சர்ச் முடிந்ததும் வந்து எடுத்துக்கொள், இது என் வாக்கு என்றாள் மெர்சி.

வீட்டில் அவள் கணவர் குணசேகர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஃபிரேசர் டவுனில் ஒரு லேபில் டெக்னீஷியன். சனிக்கிழமை அரை நாள். அன்றைய சமையல் அவருடையது. வண்டிப் பைத்தியம் துளியும் இல்லாதவர். பஸ்ஸில் போனாலும் அவருக்குத் தலை சுற்றும்.

மெர்சி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாறைமேல் நடந்ததையும் சொன்னாள். குணசேகர் பூண்டை உரிப்பதை நிறுத்தவில்லை. அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதை அவள் கவனித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார். "அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டா. துணிய நான்தான் அலசிப் போட்டேன்."

குணசேகர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம்தான் மெர்சியின் அப்பா இறந்திருந்தார். சுரங்கத்து வேலை கொடுத்த நெஞ்சு வியாதி. ஆறு மாதம் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தால்தான் இரண்டு வார்த்தை பேசுவாள். உடம்பெல்லாம் மண்ணோடு வந்து, பசிக்கிறது என்பாள்.

"நான் சொல்லியிருந்தா நீ போறதையே நிறுத்தியிருப்பே" என்றார். "எனக்கு நீயும் வேணும், புள்ளையும் பயப்படக் கூடாது. அதான் அடுத்த வாரத்துலருந்து நானும் வந்தேன்."

மெர்சிக்கு நினைவு வந்தது. திடீரென்று ஒரு ஞாயிறு, நானும் வருகிறேன் என்று அவர் கிளம்பி நின்றது. அதன் பிறகு அநேகமாக எல்லா ஓட்டத்துக்கும் வந்தார். பின்னால் குறுக்கு சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில், ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கை ஆஷாவின் தோளில். இரண்டு மலை ஏறினால் ஒரு தடவை இறங்கி வாந்தி எடுப்பார். வண்டிமேல் இந்த மனுஷனுக்கும் ஆசை வந்துவிட்டது என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக.

கோபமும் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கணும் நீங்க" என்றாள்.

"சொல்லியிருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார் குணசேகர். பூண்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று குழம்பு தாளிக்க மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆஷா கூப்பிட்டாள். குரலில் தூக்கம் இல்லை, உறுதி இருந்தது.

"மம்மி, ஜீப்ப விக்காத."

மெர்சி வாசலுக்கு வந்து நின்றாள். ஜீப் எதிரே நின்றது.

"நான் பயந்தேன்னு சொன்னேன். புடிக்கலன்னு சொல்லல" என்றாள் ஆஷா. "அதுல ஏறி உக்காந்தா நீ வேற ஆளு. அந்த ஆள என் புள்ளைங்க பாக்கணும். தூரமா நின்னு பாக்கட்டும், அது வேற."

மெர்சி சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கியது. சஞ்சயும் தானும் மத்தியானம் முழுக்கப் பேசியதாகச் சொன்னாள் ஆஷா. அத்தையின் ஜீப்பை விற்று என் வண்டிக்கு இடம் வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். அவன் ஆபீஸ் நண்பர் கண்ணாவுக்கு வைட்ஃபீல்டில் பெரிய இடம் இருக்கிறது; அங்கே நிறுத்திக்கொள்வதாக ஏற்பாடு. ஆகவே ஒருவரும் எதையும் விற்க வேண்டியதில்லை.

சில்வெஸ்டரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்று மெர்சி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

நாளை வரை சில்வெஸ்டரால் பொறுக்க முடியவில்லை. மனைவி ரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கேட்டைத் திறந்தவன் மெர்சிக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக ஜீப்பிடம் போனான். பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தான். சக்கரத்தருகே குந்தினான், எழுந்தான், மறுபடியும் பானட்டில் கையை வைத்தான். நாற்பது வயது ஆள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மெர்சி பார்த்ததில்லை.

ரஞ்சிதம் கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். கையில் ஒரு பாக்கெட் ஸ்வீட். ஜீப்பின் படியைப் பார்த்தாள், குறுக்கு சீட்டைப் பார்த்தாள், கதவு இருக்க வேண்டிய இடத்தில் தொங்கும் கேன்வாஸைப் பார்த்தாள். பிறகு மெர்சியிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நீங்க சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க மாமியாருக்கு முட்டி வலி. ரெண்டு புள்ளைங்க. எங்க வீட்டுக்கு இது ஒத்து வருமா?"

மெர்சிக்குப் பதில் தெரியும். இந்தக் கேள்வியை வேறு எந்த வீட்டு வாசலில் கேட்டிருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். ஒத்து வராது. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மகள் அந்த ஜீப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது வராது என்று சொன்னால் அது யாருக்காகச் சொன்னது? சில்வெஸ்டர் திங்கட்கிழமையும் யார்டில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். வரும் என்று சொன்னாலோ, இத்தனை வருஷத்தில் அவள் சொல்லும் முதல் பொய்.

காதில் வைத்த போனை அவள் இன்னும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஆஷா, யாரு மம்மி, யாரு வந்திருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் குணசேகர் வந்து நிற்பது தெரிந்தது.

"ரஞ்சிதம்" என்றாள் மெர்சி. "இந்த ஒரு வண்டியப் பத்தி மட்டும் என்னக் கேக்காத. நான் இன்னா சொன்னாலும் நம்பாத. எனக்கு இதுமேல திரும்ப ஆச வந்துடுச்சி."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சில்வெஸ்டருக்குக் கேட்டுவிட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் பாதியில் நின்றது.

பானட்டின்மேல் வைத்த கையை மட்டும் அவன் எடுக்கவில்லை.